நெப்டியூனுக்கு அப்பால்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் முதல் ராதாபுரம் வரை பள்ளி மைதானங்களிலும் கோயில் திடல்களிலும் ஒரு சிறிய தொலைநோக்கியை நிறுத்தி வானம் காட்டுவது என் வழக்கம். நிலவின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் பார்த்து முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இதற்கும் அப்பால் என்ன இருக்கிறது?" சூரியக் குடும்பத்தின் கடைக்கோடியில் உறைந்து கிடக்கும் பனி உலகங்களைப் பற்றி அப்படி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையில் ஐம்பது பேர் காத்து நிற்கும்போது நிதானமாகச் சொல்ல முடியாமல் போன பதில்களும் இதில் அடக்கம்.

அந்தப் பொருள்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன?

பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சுமார் 15 கோடி கி.மீ. தூரம். அதை ஒரே ஒரு கிலோமீட்டராகச் சுருக்கி, சூரியனை நெல்லையப்பர் கோயிலில் வைத்துப் பாருங்கள். சூரியன் 9 மீட்டர் அகலமுள்ள உருண்டையாக இருக்கும். பூமி ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு சாத்துக்குடி அளவில் சுற்றும். வியாழன் பாளையங்கோட்டையில் இருக்கும்.

அதன்பிறகு கன்னியாகுமரி நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே போக வேண்டும். நேர்கோட்டில் அளந்தால், நாங்குநேரியைச் சற்றுத் தாண்டியதும் 30ஆவது கிலோமீட்டரில் நெப்டியூன் வரும். புளூட்டோவின் சராசரித் தூரம் ஏறக்குறைய வள்ளியூரில் விழுகிறது. அந்தக் கணக்கில் புளூட்டோ ஒரு கோலிக்குண்டு. நாங்குநேரிக்குத் தெற்கே தொடங்கிக் காவல்கிணறு வரை, அதாவது 30 முதல் 50 கி.மீ. வரையுள்ள அகலத்தில், கோயிலைச் சுற்றி ஒரு பெரிய வளையம் போட்டால் அதுதான் கைப்பர் பட்டை. நாம் பேசும் பொருள்களில் பெரும்பாலானவை அங்கேதான் சுற்றுகின்றன.

அதோடு முடிந்துவிடவில்லை. செட்னா என்ற செந்நிறப் பொருள் சூரியனை மிக நெருங்கி வரும்போதே கன்னியாகுமரிக் கரையைத் தாண்டித்தான் நிற்கும். அது விலகிப் போகும் கோடியை வடக்கே அளந்தால் ஏறத்தாழ ஐதராபாத் வந்துவிடும். ஒரு சுற்று முடிக்க அதற்குச் சுமார் 11,000 ஆண்டுகள் ஆகின்றன.

பனி என்றால் நம் ஐஸ்கட்டி போன்ற பனியா?

தண்ணீர்ப் பனியும் உண்டு. அதோடு மீத்தேன், நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு என்று இங்கே நாம் வாயுவாக மட்டுமே அறிந்தவையும் அங்கே உறைந்து கிடக்கின்றன. புளூட்டோவின் பரப்பில் வெப்பநிலை சுமார் மைனஸ் 230 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் தண்ணீர்ப் பனி கருங்கல் போல இறுகி மலையாக நிற்கிறது. நைட்ரஜன் பனியோ இளகி, பனியாறாக மெல்ல நகர்கிறது. புளூட்டோவின் படத்தில் வெளுப்பாக, இதயம் போன்ற ஒரு பகுதி தெரியுமே, அதன் மேற்குப் பாதி முழுவதும் அப்படிப்பட்ட நைட்ரஜன் சமவெளிதான்.

இவற்றில் பல பொருள்கள் சிவப்பாக இருக்கின்றன. திசையன்விளைப் பக்கம் தேரி மணலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் உடனே, அங்கேயும் செம்மண்ணா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. தேரியின் சிவப்பு இரும்புத் துருவால் வருவது. அங்கே உள்ள சிவப்பு வேறு வழியில் வருகிறது. மீத்தேன் போன்ற கரிமப் பனிகளின்மேல் சூரியக் கதிர்களும் விண்வெளிக் கதிர்களும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பட்டுப் பட்டு, அவை சிக்கலான கரிமப் பொருள்களாக மாறிப் படிந்துவிடுகின்றன. நிறம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காகப் பொருளும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் வரும் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பனியும் ஒளியில் தனக்குரிய இடத்தை விழுங்கிவிடும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இந்த முறையில்தான் புளூட்டோவின் துணைக்கோளான கேரனில் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இருப்பதைக் கண்டது. 2024இல் வெளிவந்த செய்தி அது.

இவ்வளவு தொலைவில் உள்ளதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒரே இடத்தை இரண்டு முறை படம் எடுத்து, எது நகர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். முறை அவ்வளவுதான். அதைச் செய்து முடிக்கத் தேவைப்படும் பொறுமைதான் பெரிது.

நெல்லையிலிருந்து செங்கோட்டை ரயிலில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். அருகிலுள்ள மின்கம்பங்கள் பின்னோக்கி ஓடும், சற்றுத் தள்ளியுள்ள பனைகள் மெதுவாகப் போகும், பொதிகை மலை அசையாமல் நிற்பது போலிருக்கும். பூமிதான் நம் ரயில். அது நகர நகர, அருகிலுள்ள சிறுகோள் விண்மீன்களுக்கு நடுவே வேகமாக இடம் மாறும். கைப்பர் பட்டைப் பொருள் மிக மிக மெதுவாக மாறும். விண்மீன்கள் மலையைப் போல நிற்கும். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல் 40 மடங்குத் தூரத்தில், அதாவது நம் வள்ளியூரில், உள்ள ஒரு பொருள் முழு நிலவின் அகலத்தைக் கடக்க ஏறத்தாழ மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். நகர்வு எவ்வளவு மெதுவோ அவ்வளவு தூரம். ஆகவே எத்தனை தொலைவில் இருக்கிறது என்பதையும் அந்த நகர்வே முதலில் சொல்லிவிடுகிறது.

1930இல் கிளைட் டோம்பா அமெரிக்காவின் லோவெல் ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே செய்தார். கன்சாஸ் மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அப்போது அவரிடம் கல்லூரிப் பட்டம் இல்லை. தானே செய்த தொலைநோக்கியில் பார்த்து வரைந்த கோள் படங்களை அனுப்பித்தான் அந்த வேலையைப் பெற்றார். ஜனவரி 23, 29 ஆகிய இரு இரவுகளில் எடுத்த கண்ணாடித் தகடுகளை ஒரு கருவியில் வைத்து, இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். லட்சக்கணக்கான புள்ளிகள் அசையாமல் நிற்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் இங்கும் அங்குமாகத் தாவியது. பிப்ரவரி 18ஆம் தேதி பிற்பகலில் அகப்பட்ட அந்தப் புள்ளிதான் புளூட்டோ.

அடுத்ததைக் கண்டுபிடிக்க 62 ஆண்டுகள் ஆயின. கேரனைப் புளூட்டோவின் துணைக்கோளாக ஒதுக்கிவிட்டுத்தான் இந்தக் கணக்கு. வானியலாளர்கள் டேவிட் ஜூவிட், ஜேன் லூ இருவரும் 1987இல் தேடத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் எதுவும் கிடைக்காமலேயே தேடினார்கள். 1992 ஆகஸ்ட் 30 அன்று ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையில் 2.2 மீட்டர் தொலைநோக்கியில் ஒரு புள்ளி அகப்பட்டது. '1992 கியூபி1' என்று அதைக் குறித்தார்கள். அந்த ஐந்து ஆண்டு வெறுங்கையைத்தான் நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வேன். இன்று அந்தப் பகுதியில் அறியப்பட்ட பொருள்கள் மூவாயிரத்துக்கும் மேல்.

இந்த முறையைப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் மடிக்கணினியில் இரண்டு படங்களை மாற்றி மாற்றி ஓடவிடுவேன். கல்லிடைக்குறிச்சியில் ஒருமுறை ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி திரையை விட்டு நகரவே இல்லை. மற்றவர்கள் ஒளிர்கிற பெரிய புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இடது மூலையில் தூசி போலக் கிடந்த ஒன்றின்மேல் விரலை வைத்து, "சார், இது மட்டும் நிற்கவில்லை" என்றாள். சரியாக அதுதான். எது பிரகாசம் என்று தேடாமல் எது நிற்கவில்லை என்று தேட வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நகர்ந்தது தெரிந்துவிட்டால் வேலை முடிந்ததா?

இல்லை. ஓர் இரவின் நகர்வை வைத்துப் பாதையைக் கணிக்க முடியாது. சில மாதங்கள் கழித்து மீண்டும் பிடிக்க வேண்டும், அடுத்த ஆண்டும் பிடிக்க வேண்டும். பின்தொடராமல் விட்டால் அது தொலைந்துபோகும். கண்டுபிடித்ததைவிடத் தொடர்ந்து அளந்தவர்களின் உழைப்பே அதிகம் என்பேன்.

பெரிய தொலைநோக்கிகள் வந்துவிட்டனவே, இன்னும் ஏன் இவ்வளவு கடினம்?

இவற்றுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. சூரிய ஒளி அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒருமுறை மங்குகிறது, எதிரொளித்து நம்மிடம் திரும்புவதற்குள் மறுமுறை மங்குகிறது. ஆகவே ஒரு பொருளை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் அது நான்கு மடங்கு அல்ல, 16 மடங்கு மங்கலாகிவிடும். மூன்று மடங்கு தள்ளினால் 81 மடங்கு.

செட்னா 2003இல் அகப்பட்டது, அது தன் 11,000 ஆண்டுப் பயணத்தில் சூரியனுக்கு அருகே வரும் காலமாக இருந்ததால்தான். 2076 வாக்கில் மிக அருகே வரும். பிறகு தொலைந்து இருட்டுக்குள் போய்விடும். வாசல் பக்கம் வந்த ஒன்றை நாம் பார்த்திருக்கிறோம் என்றால், இதே போல் தூரத்தில் சுற்றிக்கொண்டிருப்பவை எத்தனை இருக்க வேண்டும்! சிலி நாட்டில் 8.4 மீட்டர் ஆடியோடு கட்டப்பட்டு 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகம் தெற்கு வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிப்பதற்காகவே உருவானது. இந்தத் துறையில் நான் மிகவும் ஆவலோடு காத்திருப்பது அதன் பட்டியலுக்குத்தான்.

நவக்கிரகத்தில் புளூட்டோ உண்டா? அதைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதால் ஏதாவது மாறுமா?

தாமிரபரணிக் கரையில் நவகைலாயம் சுற்றி வருபவர்கள் உண்மையான அக்கறையோடு கேட்கும் கேள்வி இது. நவக்கிரகங்களில் சூரியனும் சந்திரனும் ராகுவும் கேதுவும் சேர்ந்திருக்கின்றன. யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ மூன்றும் அதில் இல்லை. ஆகவே எதுவும் நீங்கவில்லை.

வானியலில் நடந்தது வேறு. 2005இல் அமெரிக்க வானியலாளர் மைக் பிரவுன் குழுவினர், 2003இல் எடுத்த படங்களிலிருந்து ஏரிஸ் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். அது ஏறக்குறையப் புளூட்டோ அளவு இருந்தது. அப்படியானால் அதையும் கோள் என்று சொல்ல வேண்டும், அல்லது இரண்டையும் வேறு வகையில் சேர்க்க வேண்டும். 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் வாக்கெடுத்து, சூரியனைச் சுற்றி உருண்டையாக இருந்தும் தன் பாதையில் பிற பொருள்களை விலக்கித் தனியாளுகை செலுத்தாதவை குறுங்கோள்கள் என்று வகுத்தது. என் கருத்தில் இதனால் புளூட்டோவின் மதிப்பு உயர்ந்தது. முன்பு அது கடைசிக் கோள். இப்போது ஒரு பெரும் கூட்டத்தில் முதலில் கண்டறியப்பட்டது.

அதன் பாதையும் அழகானது. நெப்டியூன் மூன்று சுற்று வரும் நேரத்தில் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று வருகிறது. அதனால் புளூட்டோ நெப்டியூனின் பாதையைவிட உள்ளே வந்தாலும் இரண்டும் மோதிக்கொள்வதே இல்லை.

பெயர் வைப்பது யார்? '1992 கியூபி1' என்பதெல்லாம் என்ன?

அது தற்காலிகப் பெயர். ஆண்டை 24 அரை மாதங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. 'கியூ' என்றால் ஆகஸ்ட் மாதத்தின் பின்பாதி. அடுத்து வரும் 'பி'யும் 1உம், அந்த அரை மாதத்தில் பதிவான 27ஆவது பொருள் என்பதைச் சொல்கின்றன. 25 எழுத்துகள் ஒருமுறை சுற்றி முடிந்து, இரண்டாம் சுற்றின் இரண்டாம் எழுத்து. பாதை உறுதியானபின் கண்டறிந்தவர்கள் பெயரை முன்மொழிவார்கள், பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்கும். 1992 கியூபி1க்கு 2018இல்தான் ஆல்பியன் என்ற பெயர் கிடைத்தது.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வது: 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு 20000 என்ற எண் பெற்ற கைப்பர் பட்டைப் பொருளுக்கு வருணன் என்று பெயர். தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்குச் சொல்லும் தெய்வம் அங்கே, பனிக்கு நடுவில், சுற்றிக்கொண்டிருக்கிறது.

புள்ளியாகத் தெரிவதன் அளவையும் வடிவத்தையும் எப்படி அளக்கிறார்கள்?

நிழலைப் பிடித்து. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அந்தப் பொருள் எப்போதாவது தொலைவிலுள்ள ஒரு விண்மீனுக்கு முன்னால் நேராகக் கடக்கும். அப்போது விண்மீன் ஒரு கணம் அணைந்து மீண்டும் ஒளிரும். விண்மீனின் ஒளி இணைகோடுகளாக வருவதால், பொருளின் நிழல் ஏறக்குறைய அதன் உண்மையான அகலத்திலேயே பூமியின்மேல் விழுந்து, விநாடிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஓடும் வழிக்குக் குறுக்கே பத்துப் பேர் வரிசையாக நின்று, தங்கள் விண்மீன் எத்தனை விநாடி அணைந்தது என்று துல்லியமாகக் குறித்தால், ஒவ்வொருவரும் பொருளின் குறுக்கே ஒரு கோடு வரைந்தவர்கள் ஆகிறார்கள். கோடுகளை அடுக்கினால் வடிவம் வந்துவிடும். வளையம் இருந்தால் முன்னும் பின்னும் சின்னதாக ஒருமுறை மங்கும். ஹௌமியா என்ற கைப்பர் பட்டைப் பொருளின் வளையத்தை 2017இல் இப்படித்தான் கண்டார்கள். குவாவார் என்ற இன்னொரு பொருளின் வளையமும் இப்படி வந்ததுதான், 2023இல் அறிவிக்கப்பட்டது.

ஆடி பிறக்கும் நாளை ஒட்டி, 2017 ஜூலை 17 அன்று, அர்ஜென்டினாவின் சுபுத் மாகாணத்தில் நடந்ததைக் கேளுங்கள். அரோகோத் என்று இப்போது அழைக்கப்படும், 36 கி.மீ. நீளமே உள்ள ஒரு பொருளின் நிழல் அங்கே விழவிருந்தது. நெல்லைக் கணக்கில் அது ஒரு மணல் துகள். அறிவியலாளர்கள் 24 தொலைநோக்கிகளை வேலிக்கால் போல வரிசையாக நட்டார்கள். கடுங்குளிர், பலத்த காற்று. ஊர்க்காரர்கள் தெருவிளக்குகளை அணைத்தார்கள். வாகன வெளிச்சம் படாமலிருக்க நெடுஞ்சாலையை இரண்டு மணி நேரம் மூடினார்கள். தொலைநோக்கி ஆடாமலிருக்க லாரிகளைக் கொண்டுவந்து காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். விண்மீன் ஒரு விநாடி அளவுக்கு அணைந்ததை ஐந்து தொலைநோக்கிகள் பிடித்தன. பொருள் ஒரே உருண்டையாக இல்லை, இரண்டு மடல்களாகவோ இரட்டையாகவோ இருக்கலாம் என்று அப்போதே தெரிந்தது. 2019இல் விண்கலம் போய்ப் படம் எடுத்தபோது இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டதுபோலத்தான் இருந்தது.

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்று சொல்லி வளர்ந்த ஊர் நம்முடையது. பணகுடிக் காற்றில் தொலைநோக்கியை நிறுத்தப் போராடிய எனக்கு அந்த லாரிகளின் அருமை நன்றாகத் தெரியும்.

இதில் இந்தியாவின் பங்கு என்ன?

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்கள் கண்டறியப்பட்டன. அன்று ஜவ்வாது மலையிலுள்ள காவலூரிலும் ஜே.சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி இருவரும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அந்த மறைப்பைப் பதிவு செய்தார்கள். தமிழ்நாட்டு மண்ணில் நடந்த இந்த வேலை நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிதாக இடம்பெற வேண்டும். பிறகு 2020 ஜூன் 6 அன்று புளூட்டோ ஒரு விண்மீனை மறைத்ததை உத்தராகண்டின் தேவஸ்தலிலிருந்து அளந்து, புளூட்டோவின் காற்றழுத்தம் பூமியின் தரைமட்ட அழுத்தத்தைவிட 80,000 மடங்குக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள்.

மகேந்திரகிரியில் இந்த ஆராய்ச்சி நடக்கிறதா?

இல்லை. அது இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இடம்.

விண்கலம் எதுவும் அங்கே போயிருக்கிறதா?

கைப்பர் பட்டைப் பொருள்களை நெருங்கிப் பார்த்தது ஒன்றே ஒன்று. 2006 ஜனவரி 19 அன்று புறப்பட்ட நியூ ஹொரைசன்ஸ், 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவை 12,500 கி.மீ. தூரத்தில் கடந்தது. எடுத்ததை எல்லாம் பூமிக்கு அனுப்பி முடிக்க அதற்கு 15 மாதங்கள் ஆயின. அந்தக் கலத்தில் டோம்பாவின் அஸ்தியில் ஒரு சிட்டிகை இருக்கிறது. 2019 ஜனவரி 1 அன்று அது அரோகோத்தைக் கடந்தது.

அதற்கு முன்பே 1989இல் வாயேஜர் 2 நெப்டியூனின் துணைக்கோளான டிரைட்டனைப் பார்த்தது. கைப்பர் பட்டையிலிருந்து நெப்டியூன் பிடித்து வைத்துக்கொண்ட பொருள் அது என்பதுதான் பெரும்பாலான அறிவியலாளர்களின் கருத்து. வாயேஜர் திசை தவறாமலிருக்கச் சூரியனோடு சேர்த்து நோக்கிய வழிகாட்டி விண்மீன்களில் முதன்மையானது கனோபஸ். நாம் அகத்தியர் என்று சொல்லும் அதே விண்மீன்தான். தை, மாசி இரவுகளில் தெற்கே பளிச்சென்று நிற்கும்.

ஒன்பதாம் கோள் ஒன்று ஒளிந்திருக்கிறதாமே?

2016இல் வானியலாளர் பாட்டிகினும், ஏரிஸைக் கண்ட அதே பிரவுனும், தொலைதூரப் பொருள்கள் சிலவற்றின் பாதைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் காட்டி, கண்ணுக்குப் படாத ஒரு பெரிய கோள் அவற்றை இழுக்கிறது என்றார்கள். நாம் வானத்தின் சில பகுதிகளில் மட்டும் அதிகமாகத் தேடியதால் அப்படித் தோன்றுகிறது என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். இதுவரை யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்கும்வரை அது ஒரு நல்ல ஊகம் என்றே சொல்வேன்.

இதையெல்லாம் அறிந்து என்ன பயன்?

வீடு கட்டி முடித்தபின் கொல்லையில் மீந்து கிடக்கும் செங்கல்லையும் சுண்ணாம்பையும் பார்த்தால், சுவருக்குள் என்ன போட்டார்கள் என்று தெரியும். 460 கோடி ஆண்டுகளுக்கு முன் கோள்கள் உருவானபோது மீந்த பொருள் அங்கே அதிகம் சூடேறாமல், அதிகம் உடையாமல் கிடக்கிறது. அரோகோத்தின் இரு பாதிகள் மோதி நொறுங்காமல், மெல்ல வந்து ஒட்டியிருக்கின்றன. பெரிய உலகங்களின் தொடக்கம் அவ்வளவு மென்மையாகவும் இருந்திருக்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் அறிந்தோம்.

நம் ஊரிலிருந்து எதையாவது பார்க்க முடியுமா?

நெப்டியூனைப் பார்க்கலாம். இப்போது மீன ராசிப் பகுதியில் இருக்கிறது, நல்ல இருநோக்கி போதும். புளூட்டோவுக்கு 25, 30 செ.மீ. தொலைநோக்கியும் இருண்ட வானமும் துல்லியமான வரைபடமும் வேண்டும். அது மகர ராசிப் பகுதியில், தெற்கு வானில் இருப்பதால் நமக்கு ஒரு வாய்ப்பு. டோம்பாவின் ஊரைவிட நம் ஊரில் அது மிக உயரத்தில் ஏறும். சங்கடம் என்னவென்றால், ஜூலை இறுதியில்தான் அது நள்ளிரவில் உச்சிக்கு வரும். அப்போது தென்காசி, அம்பை பக்கம் சாரல் மேகம். தெற்கே ராதாபுரம் பக்கம் போனால் மேகம் குறையும், காற்று விடாது. சுவர் மறைவில் தொலைநோக்கியை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை எதையும் பார்க்க விடாது. தை முதல் பங்குனி வரை வானம் நன்றாக இருக்கும்.

பள்ளி மாணவர்கள் என்ன செய்யலாம்?

பன்னாட்டு வானியல் தேடல் கூட்டமைப்பு நடத்தும் சிறுகோள் தேடலில் பள்ளிக் குழுக்கள் கட்டணமின்றிச் சேரலாம். ஹவாயிலிருந்து வரும் படங்களை நான்கு நான்காக ஓடவிட்டு, நகரும் புள்ளியைக் குறித்து அனுப்ப வேண்டும். கிடைப்பவை பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள்கள். கண் பழகுவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கணினி வசதி இல்லாத பள்ளிக்கு: புரட்டாசியில் மேகமில்லாத ஓர் இரவில் இருநோக்கியால் நெப்டியூனைக் கண்டுபிடித்து, சுற்றிலும் தெரியும் விண்மீன்களோடு நோட்டில் புள்ளி வைத்து வரையுங்கள். தேதியும் நேரமும் எழுதுங்கள். பத்து நாள் கழித்து அதே இடத்தை வேறொரு மெல்லிய தாளில் வரையுங்கள். பிறகு இரண்டு தாளையும் முன்பக்கமாக அடுக்கி விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்.